தேசிக்காய் வைத்த இடம்

அவளுடைய வலது கையில் இப்போது கட்டை விரல் மட்டும் இருக்கிறது. மற்ற நான்கும் போனது அவளுடைய பிழையால் இல்லை. இந்த இரண்டாவது வாக்கியத்தை அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு முழுதாக ஒரு வருஷம் பிடித்தது. நான் வாய்த்துடுக்குக்காரி என்று பெயரெடுத்தவள். எங்கள் தொழிற்சாலையில் முதலாளியைத் தவிர என்னிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாத ஆள் கிடையாது. அப்படிப்பட்டவளுக்கு ஒரு வாக்கியம் வாய்க்கு வரவில்லையென்றால் காரணம் ஒன்றுதான். அதைச் சொன்னவுடன், "அப்ப யாரோட பிழை?" என்று அவள் கேட்பாள்.

மாத்தளையிலிருந்து பல்லேபொலப் பக்கம் போகும் பாதையில் இருக்கிறது எங்கள் தொழிற்சாலை. மிளகு, கராம்பு, சாதிக்காய் எல்லாம் மூட்டை மூட்டையாக வந்து, சுத்தமாகி, பைகளில் அடைபட்டுக் கொழும்புக்குப் போகும். வந்து இறங்கும் மிளகு மூட்டையில் மிளகு மட்டும் இருந்துவிட்டால் எங்களுக்கு வேலையே இருக்காது. கல் இருக்கும், காம்பு இருக்கும், சாக்கு நூல் இருக்கும். ஒரு தடவை யாரோ ஒரு பெண்ணின் ஒற்றைத் தோடு வந்தது. இதையெல்லாம் பொறுக்குவதற்கு நீளமான ஒரு பெல்ட் உண்டு. பெல்ட்டின்மேல் மிளகு ஓடிக்கொண்டேயிருக்கும், இரண்டு பக்கமும் பன்னிரண்டு பெண்கள் உட்கார்ந்து வேண்டாததைப் பொறுக்கிப் போடுவார்கள். அந்தப் பன்னிரண்டு பேருக்கும் நான் சுப்பவைசர். காலையில் வருகிறவர்கள் வந்தபடியே மாலையில் வீட்டுக்குப் போகிறார்களா என்று பார்ப்பதும் என் வேலைதான். அதை யாரும் எழுதித் தரவில்லை, ஆனால் எனக்குத் தெரியும்.

பெல்ட்டுக்கு ஒரு தலை, ஒரு வால். தலைப்பக்கம் மோட்டார் இருக்கிறது. வால்பக்கம் ஓர் இரும்பு உருளை. அதை ரோல் என்போம். வெறும் பெல்ட் அடிப்பக்கமாகத் திரும்பி வந்து, ரோலைச் சுற்றி மேலே ஏறி, மறுபடி மிளகைச் சுமந்துகொண்டு போகும். அடியில் வரும் பெல்ட் ரோலுக்குள் நுழைகிற இடம் இருக்கிறதே, அதுதான் பொல்லாத இடம். பார்க்க ஒன்றுமே தெரியாது. பெல்ட் மெதுவாகத்தான் ஓடும், சத்தமும் பெரிதாக இல்லை. ஆனால் அந்த இடுக்கில் எது போனாலும் திரும்பி வராது. சிந்துகிற மிளகு அங்கே போய்ச் சப்பையாகி ஒட்டிக்கொள்வதைப் பார்த்தவர்களுக்கு அது தெரியும்.

அதனால்தான் அந்த ரோலுக்கு மஞ்சள் பெயின்ட் அடித்த கம்பி வலைக் கவர் ஒன்று இருந்தது. நாலு போல்ட். வாரத்துக்கு ஒரு தரம் மெஷின் பாஸ், அதாவது எங்கள் மெக்கானிக், அதைக் கழற்றிச் சுத்தம் செய்வார். பாஸ் நாலந்தாவைச் சேர்ந்த சிங்களவர், அதிகம் பேசாதவர். கவரில் கை வைப்பதற்கு முன்பு மெயினை அணைத்து, அதில் தன் பூட்டைப் போட்டுப் பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். கவர் திரும்பப் பூட்டப்பட்ட பிறகுதான் சாவி வெளியே வரும். "பாஸ், கொஞ்சம் சுருக்கா முடிங்களேன்" என்று நான் எத்தனையோ முறை கத்தியிருக்கிறேன். அவர் காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டார்.

ஆனால் வருஷத்தில் ஒரு நாள் மட்டும், கவர் இல்லாமலேயே அந்த பெல்ட் ஓடும். ஆயுத பூஜை அன்று.

எங்கள் முதலாளி முஸ்லிம். பரம்பரை பரம்பரையாக மாத்தளையில் பலசரக்கு வியாபாரம் செய்து வந்த குடும்பம். பூஜைக்கு அவர் உள்ளே வரமாட்டார். ஆனால் பொரி, கடலை, வாழைப்பழம், தேங்காய் என்று ஒன்று குறையாமல் வாங்கி அனுப்பிவிட்டு, ஒபீசில் உட்கார்ந்து, "முடிஞ்சா சொல்லுங்க மிஸ், டீ அனுப்புறேன்" என்பார். மெஷின்களைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, சாம்பிராணி காட்டுவோம். பாஸும் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து கைகூப்பி நிற்பார். இதெல்லாம் முடிந்ததும் கடைசியில் ஒரு சடங்கு. லொறிக்காரர்கள் டயருக்கு அடியில் தேசிக்காய் வைத்து ஏற்றி நசுக்குவார்களே, எங்களிடம் டயர் இல்லை, ரோல் இருந்தது. அதற்காகத்தான் கவரைக் கழற்றுவது. அடிப் பெல்ட்டின்மேல் பக்கவாட்டில் ஒரு தேசிக்காயை வைத்து, "போடுங்க பாஸ்" என்றால் அவர் சுவிட்சைப் போடுவார். தேசிக்காய் ஆடி ஆடி ரோலை நோக்கிப் போகும். பிறகு டப்பென்று ஒரு சத்தம். சாறு கால்வரை தெறிக்கும். "திருஷ்டி கழிஞ்சிருச்சு" என்று எல்லாரும் கை தட்டுவோம்.

பதினொரு வருஷமாக அந்தத் தேசிக்காயை வைத்தது நான். கை எங்கே போகக்கூடாது என்பதை வருஷா வருஷம் அந்தத் தேசிக்காய் எங்கள் கண்முன்னால் காட்டிக்கொண்டே இருந்தது. நாங்கள் கை தட்டிவிட்டுப் பொரி தின்னப் போனோம். இப்போது நினைத்தால் எனக்கு என்மேலேயே ஆத்திரம் வருகிறது.

அந்த வருஷம் மாலையை நானே மாத்தளைக் கோயிலடியில் வாங்கிக்கொண்டு வந்தேன். நல்ல தடிமனான செவ்வந்தி மாலை. அந்த வருஷம்தான் முதல் தடவையாக, ரோலின் இரண்டு பக்கத் தாங்கிகளிலும் கட்டி நடுவில் தொங்கவிட்டோம். பூஜை முடிந்து எல்லாரும் கிளம்புகிற நேரம் பாஸ் ஸ்பனரோடு வந்தார்.

"மிஸ், நாளைக்கு நான் வர இல்ல. அம்மா செத்த வருஷ தானம் இருக்கு, பிக்குமாருக்குச் சாப்பாடு குடுக்கணும், மூணு நாள் லீவு. கவர் போட்டுட்டுப் போறேன்."

"மாலை இருக்கே பாஸ். அதை நசுக்கிக்கிட்டா போடுவீங்க?"

"மாலை கழட்டுவோம்."

"சாமிக்குப் போட்ட மாலையை நாமளா கழட்டக்கூடாது பாஸ். வாடட்டும். நீங்க வந்து போட்டுக்கலாம், மூணு நாள்தானே."

அவர் என்னையும் ரோலையும் மாறி மாறிப் பார்த்தார். "கவர் இல்லாம ஓட்ட நல்லா இல்ல மிஸ்" என்றார்.

"நான் பாத்துக்கிறேன் பாஸ். எனக்குக் கண்ணு இல்லையா?"

"ஹரி" என்று சிங்களத்தில் சொல்லித் தலையாட்டினார். "மிஸ் சொன்னா சரி."

கவரைச் சுவரில் சாய்த்து வைத்தார். நாலு போல்ட்டையும் ஒரு பால்மா டின்னில் போட்டு, அதைக் கவருக்கு அடியில் வைத்துவிட்டுப் போனார். அந்த டின்னின் சத்தம் இப்போதும் என் காதில் இருக்கிறது.

மாலை வாடும்வரை கழற்றக்கூடாது என்று யார் சொன்னது? கோயிலில்கூட மறுநாள் காலையில் பழைய மாலையைக் கழற்றிவிடுகிறார்கள். ஐயரிடம் கேட்டிருந்தால் சிரித்திருப்பார். லொறி முகப்பில் மாலை சருகாகும்வரை கிடப்பதைப் பார்த்துப் பார்த்து எனக்கு அது ஒரு சட்டமாகப் பதிந்துவிட்டது. லொறி முகப்பில் யாரும் உட்கார்ந்து மிளகு பொறுக்குவதில்லை என்பது எனக்குத் தோன்றவில்லை.

மூன்றாம் நாள் காலை. பெல்ட் போடுவதற்கு முன்னால் அவள் என்னிடம் வந்தாள். எல்கடுவப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவள், முப்பது வயதிருக்கும். வேகமான கை, கல்லையும் மிளகையும் அவளைப்போல் பிரித்து எடுக்க ஆள் கிடையாது. அதனால்தான் மிளகு முதலில் வந்து விழுகிற வால் ஓரத்தில் அவளை உட்கார வைத்திருந்தேன்.

"அக்கா, இன்னைக்கு மட்டும் என்னய தலப்பக்கம் போடுங்களேன்."

"ஏன்?"

பக்கத்தில் மூட்டை தூக்கும் ஆட்கள் நின்றார்கள். அவள் அவர்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "சும்மாதான்" என்றாள்.

"சும்மா மாத்துறதுக்கு இதென்ன பஸ் சீட்டா? போய் உன் எடத்துல உக்காரு புள்ள."

போய் உட்கார்ந்தாள். ஆனால் ஸ்டூலை மாலையிலிருந்து கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டதை நான் கவனித்தேன். சோம்பேறித்தனம் என்று நினைத்தேன்.

பத்து மணித் தேத்தண்ணிக்குக் கொஞ்சம் முன்னால் நடந்தது. மூன்று நாள் தூசியிலும் சூட்டிலும் மாலையின் நூல் தளர்ந்திருக்க வேண்டும். ஒரு பக்கத்து முடிச்சு அவிழ்ந்து, மாலையின் நுனி அடிப் பெல்ட்டில் விழுந்தது. பெல்ட் அதை இழுக்கத் தொடங்கியது. நான் பத்தடி தூரத்தில் நின்று எடை எழுதிக்கொண்டிருந்தேன். "ஐயோ, சாமி மால!" என்று அவள் சொன்னது கேட்டது. நிமிர்ந்தபோது அவள் ஸ்டூலில் இருந்து குனிந்து கையை நீட்டிவிட்டாள். மாலையைப் பிடித்தாள். நூல் அவள் விரல்களில் சுற்றிக்கொண்டது. அதற்குப் பிறகு மாலையும் கையும் ஒன்றாகப் போயின.

அவள் கத்தவில்லை. மற்ற பதினொரு பேரும் கத்தினார்கள். நான் தலைப்பக்கத்துக்கு ஓடிச் சிவப்பு பட்டனை அடித்தேன். பெல்ட் நின்றது, ஆனால் நின்ற பெல்ட் பிடித்த கையை விடவில்லை. ரோலைப் பின்னுக்குத் திருப்பத் தெரிந்த ஒரே ஆள் நாலந்தாவில் தானம் கொடுத்துக்கொண்டிருந்தார். மூட்டை பிரிக்கிற கத்தியை எடுத்து யாரோ பெல்ட்டை அறுத்தார்கள். தடித்த ரப்பர், இலேசில் அறுபடாது. அறுபட்டதும் மேலே இருந்த மிளகெல்லாம் தரையில் கொட்டியது. அவளைத் தூக்க வந்தவர்கள் மிளகில் வழுக்கி விழுந்து விழுந்து எழுந்தார்கள். நான் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. சுவரில் சாய்ந்திருந்த மஞ்சள் கவர் மட்டும் நேர் எதிரே தெரிந்தது.

மாத்தளை ஆஸ்பத்திரியிலிருந்து கண்டிக்கு அனுப்பினார்கள். விரல்களைக் காப்பாற்ற முடியவில்லை.

நாலைந்து நாள் கழித்து நான் பார்க்கப் போனேன். வழி முழுக்கச் சொல்ல வேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். பாஸ் கவர் போட வந்தார், நான்தான் வேண்டாம் என்றேன், அவ்வளவுதான். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்ததும் அவளே என் கையை இடது கையால் பிடித்துக்கொண்டாள்.

"என் பிழைதான் அக்கா. யாரையும் ஏசாதீங்க."

"என்ன புள்ள சொல்ற?"

குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "நான் அன்னைக்கு வீட்டுக்குத் தூரமா இருந்தேன் அக்கா. அதான் எடம் மாத்தித் தாங்கன்னு கேட்டேன். ஆம்பளைங்க நின்னாங்க, சொல்ல முடியல. அந்த மாதிரி நாள்ல சாமி மாலைய கையால தொட்டா சும்மா விடுமா?"

இடம் மாற்றித் தரக் கேட்டதன் காரணம் அதுதானா? நான் பஸ் சீட்டு என்று எகத்தாளம் பேசினேன். அவளோ அந்த வலியிலும், தன் உடம்பைத்தான் குற்றவாளிக் கூண்டில் ஏற்றி வைத்திருந்தாள். அந்த நிமிஷத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். "அப்படியெல்லாம் இல்ல, மனச அலட்டிக்காத" என்று மட்டும் சொல்லிவிட்டு, தோடம்பழம் ஒன்றை உரித்து வைத்துவிட்டு வந்துவிட்டேன். கோழைத்தனம். வேறு நல்ல பெயர் அதற்குக் கிடையாது.

பாஸ் லீவு முடிந்து வந்த அன்றே கவரைப் பூட்டினார். பால்மா டின்னைக் கவிழ்த்துப் போல்ட்டுகளை எடுத்தபோது என்னைப் பார்த்து, "மிஸ், நான் சொன்னேன்தானே" என்றார். அதற்குமேல் ஒரு வார்த்தையும் அவர் யாரிடமும் சொல்லவில்லை. கவருக்குப் பொறுப்பு பாஸ்தானே என்று எச்சரிக்கைக் கடிதம் அவருக்குப் போனது. அதையும் வாங்கி மடித்துச் சட்டைப்பையில், அந்தச் சாவி இருக்கிற இடத்தில் போட்டுக்கொண்டார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

முதலாளி கெட்ட மனிதர் இல்லை. ஆஸ்பத்திரிக்கு மூன்று முறை போய் வந்தார். "என்ன மிஸ் செய்ற, அல்லாஹ் உசிர வச்சிட்டான். அந்தப் புள்ளைக்கு இங்க ஒரு வேல எப்பவும் இருக்கும்" என்றார். சொன்னபடி செய்தார். அவருக்கும் அது விதி. எல்லாரும் ஆளுக்கொரு கடவுளைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். கவரைக் காட்ட ஒருவரும் இல்லை.

கை ஆறி அவள் திரும்பி வந்த பிறகு, தொழில் திணைக்களத்திலிருந்து ஓர் அதிகாரி விசாரிக்க வந்தார். சிங்களத்தில்தான் எழுதினார். அவளுக்குச் சிங்களம் பேசத் தெரியும், ஆனால் வாக்குமூலம் கொடுக்கிற அளவுக்குத் தைரியம் போதாது. வழக்கம்போல் மொழிபெயர்க்க நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"என்னோட பிழைதான். தொடக்கூடாத நாள்ல தொட்டேன்" என்றாள் அவள்.

அந்த ஆம்பிளையிடம் அதை நான் எப்படிச் சொல்வது? "தன்னுடைய கவனக்குறைவு என்கிறாள்" என்று சொன்னேன். அவர் எழுதினார். பேனா தாளில் ஓடும்போது நான் செய்தது எனக்குப் புரிந்தது. அவள் ஒரு பொய்யான குற்றத்தை ஏற்றுக்கொண்டாள். நான் அதைத் துடைத்துவிட்டு இன்னொரு பொய்யான குற்றத்தை அவள் தலையில் வைத்தேன்.

அதிகாரி சும்மா போகிற ஆள் இல்லை. என் பக்கம் திரும்பி, "கவர் இருந்ததா?" என்று கேட்டார்.

"பூஜைக்காகக் கழற்றியது. திரும்பப் போட மறந்துவிட்டார்கள்" என்றேன்.

மறந்துவிட்டேன் என்றுகூடச் சொல்லவில்லை, மறந்துவிட்டார்கள். உண்மையில் யாருமே மறக்கவில்லை. ஒருவர் போட வந்தார், ஒருத்தி வேண்டாம் என்றாள்.

கவர் திறந்திருந்தால் பெல்ட் ஓடவே கூடாது, அதற்கு ஒரு சுவிட்ச் பொருத்த வேண்டும் என்று அவர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். இரண்டு வாரத்தில் அது வந்தது. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு பெட்டி. கவரைத் தூக்கினால் மோட்டார் செத்துவிடும். பாஸ் ஒரு முறை தூக்கிக் காட்டினார். இவ்வளவுதானா என்று எனக்கு அழுகை வந்தது.

அவளுக்கு லேபல் ஒட்டுகிற இடத்தில் வேலை கொடுத்தார்கள். இடது கையால் எடுத்து, வலது கையின் கட்டை விரலால் தடவி ஒட்டுவாள். குடையை முழங்கை மடிப்பில் மாட்டிக்கொள்வாள். சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்க மட்டும் யாரையாவது கூப்பிடுவாள். முதல் சில மாதம் என்னைக் கூப்பிட்டாள், பிறகு பல்லால் திறக்கப் பழகிக்கொண்டாள். மாதத்தில் மூன்று நாள் வேலைக்கு வரமாட்டாள். கேட்டால் காய்ச்சல் என்பாள். கோயில் வாசலைக்கூட மிதிப்பதில்லை என்று அவளோடு பஸ்ஸில் வருகிறவர்கள் சொன்னார்கள். அந்த மூன்று நாள் லீவுத் தாளில் ஒவ்வொரு மாதமும் கையெழுத்துப் போட்டவள் நான்தான்.

மறு வருஷம் ஆயுத பூஜை வந்தது. கழுவினோம், சந்தனம் வைத்தோம், மாலை போட்டோம். இந்தத் தடவை மாலை ரோலுக்கு இல்லை, தலைப்பக்கத்துத் தூணுக்கு. கற்பூரம் காட்டி முடியும்வரை அவள் கதவுக்கு வெளியே நின்றாள். எல்லாரும் பொரிக்குத் திரும்பிய நேரம் மெதுவாக உள்ளே வந்தாள். இடது கையில் ஒரு தேசிக்காய்.

"பாஸ், இதை வைக்கணும். கவரைக் கொஞ்சம் கழட்டுங்க."

"ஓட மாட்டாது" என்று பாஸ் அந்தச் சின்னப் பெட்டியைக் காட்டினார்.

"அதுக்கு ஏதாவது கம்பி கிம்பி சொருகினா ஓடும்னு சொல்றாங்களே. ஒரு நிமிஷம் பாஸ்."

பாஸ் என்னைப் பார்த்தார். போன வருஷம் பார்த்த அதே பார்வை. எனக்கு எங்கிருந்துதான் அப்படியொரு கோபம் வந்ததோ. "கை வச்சா தெரியும் பாஸ்! கவர்ல ஒருத்தரும் கை வைக்கக்கூடாது!" என்று கத்தினேன். பொரித் தட்டுகளோடு எல்லாரும் அப்படியே நின்றுவிட்டார்கள்.

அவள் பயப்படவில்லை. "ஏசாதீங்க அக்கா. தேசிக்காய் குடுக்காட்டி அது இன்னொருத்திய கேக்கும். எனக்கு நடந்ததோட போகட்டும்" என்றாள்.

அவளை மூட்டை அடுக்கியிருக்கும் மறைவுக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

"அது ஒண்ணையும் கேக்கல தங்கச்சி. அது இரும்பு. உன் கை போனது நீ தூரமா இருந்ததால இல்ல. கவர் இல்லாததால. பாஸ் அன்னைக்கே போட வந்தாரு. மாலை வாடட்டும், அப்புறம் போடலாம்னு நான்தான் அனுப்பினேன். நீ எடம் மாத்தித் தாங்கன்னு கேட்டதையும் நான்தான் கேக்கல. உன் மேல ஒரு பிழையும் இல்ல. எல்லாம் என் மேல."

ஒரு வருஷமாக உள்ளே கிடந்தது இரண்டு நிமிஷத்தில் வெளியே வந்துவிட்டது. அவள் என்னை ஏசுவாள், அடிப்பாள், ஓவென்று அழுவாள் என்று காத்திருந்தேன். அடித்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவள் தன் வலது கையைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"அந்தக் கவருக்கு எத்தனை போல்ட்டு அக்கா?"

"நாலு."

"போட எவ்வளவு நேரம் எடுக்கும்?"

"அஞ்சு நிமிஷம் வரும்."

தலையை ஆட்டினாள். பிறகு, என்னிடம் எதையோ கெஞ்சிக் கேட்பதுபோல மெதுவாகச் சொன்னாள். "சாமி எடுத்துச்சுன்னா, ஏதோ பெருசா ஒண்ணுக்குப் போச்சுன்னு நான் இருந்துருவேன் அக்கா. அஞ்சு நிமிஷத்துக்குப் போச்சுன்னா நான் எப்படி இருக்கிறது?"

என் கண் அவளுடைய வலது கைக்குப் போனது.

"அப்படி இல்லன்னு சொல்லுங்க அக்கா. சாமிதான்னு சொல்லுங்க."

ஒரு வருஷம் தூக்கிச் சுமந்து கடைசியில் இறக்கி வைத்த உண்மை. அதை அப்படியே திரும்பத் தூக்கிக்கொண்டேன்.

"சாமிதான்" என்றேன்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். தேசிக்காயை வீணாக்க மனமில்லாமல் கவரின் மேலேயே வைத்தாள். பாஸ் சுவிட்சைப் போட்டார். பெல்ட் ஓடத் தொடங்கியது. கவர் அதிர்ந்ததில் தேசிக்காய் கொஞ்சம் கொஞ்சமாக ஓரத்துக்கு வந்து உருண்டது. அது விழப் போவதைப் பார்த்ததும் அவள் யோசிக்கவேயில்லை. குனிந்து இடது கையை நீட்டினாள்.

நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை. அவள் விரல்கள் மஞ்சள் வலையில் முட்டி நின்றன. உள்ளே ரோல் தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. தேசிக்காய் தரையில் விழுந்து மூட்டைகளுக்குப் பின்னால் ஓடியது.

அவள் இடது கையை விரித்துப் பார்த்தாள். ஐந்து விரலும் இருந்தன. என் பக்கம் திரும்பிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் ஒரு வருஷமாகப் பார்த்திருக்கவில்லை.

"பாத்தீங்களா அக்கா? இந்தத் தடவ சாமி விட்டுருச்சு."

அவள் போன பிறகு பெல்ட்டை நிறுத்தச் சொல்லிவிட்டு, கவருக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து நாலு போல்ட்டையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். இறுக்கமாகத்தான் இருந்தன.